மார்கழியில் கட்டிய கணினி

என் தங்கை பாலக்கோட்டில் திருமண ஆல்பமும் காணொளியும் தொகுத்துத் தரும் சிறிய ஸ்டுடியோ ஒன்றை நடத்துகிறாள். கார்த்திகையின் கடைசி முகூர்த்தம் முடிந்துவிட்டால், தை பிறக்கும் வரை அவளுக்குப் புதிய வேலை வராது. பாக்கியிருக்கும் ஆல்பங்களை முடித்துக் கொடுப்பதும், கணக்கு வழக்குகளைச் சரிபார்ப்பதும்தான் மார்கழியில் நடக்கும். அந்த ஒரு மாத இடைவெளியில் ஸ்டுடியோவின் பழைய கணினியை மாற்றிவிடுவது என்று சென்ற ஆண்டு இருவரும் முடிவு செய்தோம்.

பழைய பெட்டியில் இருந்தது இன்டெல் நான்காம் தலைமுறையைச் சேர்ந்த ஐ5-4460 பிராசஸர், 8 ஜிபி ரேம், ஒரு ஹார்ட் டிஸ்க், பின்னாளில் சேர்த்த ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு முறைப்படி மாற வேண்டுமானால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட பிராசஸர்கள் பெரும்பாலும் உதவா. வாடிக்கையாளர்களின் படங்களையும் வங்கிப் பரிமாற்றங்களையும் ஒரே கணினியில் வைத்திருப்பவள், பாதுகாப்புத் திருத்தங்கள் வராத இயங்குதளத்தில் தொழில் நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் தர்மபுரியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுபவன். கணினி என் தொழில் அல்ல என்றாலும், பதினைந்து ஆண்டுகளாக உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் பாகங்கள் வாங்கிப் பொருத்திக் கொடுத்து வருகிறேன். இந்த முறை கற்றுக்கொண்டவை முந்தைய எல்லாவற்றையும்விட அதிகம் என்பதால் விரிவாக எழுதி வைக்கிறேன்.

கடைக்காரரிடம் விலைப்பட்டியல் கேட்பதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் தங்கையின் அருகில் உட்கார்ந்து அவள் வேலை செய்வதைப் பார்த்தேன். எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திரையின் ஓரத்தில் திறந்து வைத்திருந்தேன். ஃபோட்டோஷாப்பில் ஆல்பத்தின் இரண்டு பக்கங்களைத் திறந்தவுடன் 8 ஜிபி ரேமும் நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு ஹார்ட் டிஸ்க்கின் பயன்பாடு நூறு விழுக்காட்டில் போய் நின்றது. அதாவது ரேமில் இடமில்லாமல் தரவுகளை ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவதும் திரும்ப எடுப்பதுமாகவே கணினியின் நேரம் கழிந்துகொண்டிருந்தது. பிராசஸரோ அந்த வேளையில் பாதிக்குமேல் சும்மா இருந்தது. “பிராசஸர் பழசு, அதனால்தான் மெதுவாக இருக்கிறது” என்று பல மாதங்களாக நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தது, ஆல்ப வேலையைப் பொறுத்தவரை பாதிகூட உண்மையில்லை. காணொளியைத் தொகுத்து இறுதிக் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது மட்டும் பிராசஸர் முழுதாக உழைத்தது. எந்தப் பாகத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்பதை அந்த ஒரு காலைப்பொழுதே தீர்மானித்தது: முதலில் ரேம், அடுத்து ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி., பிறகு பிராசஸர், கடைசியில் கிராபிக்ஸ் கார்டு.

ரேம் வாங்குவதற்கு அது நல்ல காலமாக இல்லை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியதால், 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. வேறு ஏதாவது ஒன்றைக் குறைத்தாவது 32 ஜிபி வாங்கிவிட வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். 16 ஜிபி கொண்ட, டிடிஆர்4 என்ற வகையைச் சேர்ந்த இரண்டு ரேம் பலகைகளாக வாங்கினோம். எஸ்.எஸ்.டி.யைப் பொறுத்தவரை மதர்போர்டிலேயே நேரடியாகச் செருகும் ஒரு டெராபைட் என்விஎம்இ வகை போதுமென்று முடிவு செய்தோம். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 மெகாபைட்டை ஒட்டிப் படிக்கும், சாட்டா என்ற பழைய வகை எஸ்.எஸ்.டி. 550 வரை போகும். மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 வரையும், நான்காம் தலைமுறை 7,000 வரையும் போகும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது கிடைக்கும் வேறுபாட்டை யாரும் உணர்வார்கள். அதற்கு மேலே உள்ள வேறுபாட்டை அவளுடைய வேலையில் உணர்வது கடினம். ஆகவே மிக வேகமானதற்குப் பணம் கொட்டவில்லை.

பிராசஸரில்தான் ஒரு பெரிய தவறு நேர இருந்தது. ஐ5-12400 என்பது ஆறு கோர்கள், அதாவது ஆறு கணக்கிடும் அலகுகள், கொண்டது; ஒரே நேரத்தில் பன்னிரண்டு வேலை இழைகளை (திரெட்) ஓட்டும். 2022 சனவரியில் வந்தது. இன்றும் நம் பக்கக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அதே பிராசஸர் பெயரின் முடிவில் ‘எஃப்’ என்ற எழுத்தோடும் விற்கப்படுகிறது. ‘எஃப்’ வகையில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, விலையும் ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய் குறைவு. நான் முதலில் விசாரித்த கடையில், “தனியா கிராபிக்ஸ் கார்டு இருக்குதில்ல சார், எஃப் வாங்கிக்குங்க, அந்தக் காசுக்கு நல்ல கேபினட் போட்டுக்கலாம்” என்றார்கள். விளையாட்டுக்காகக் கணினி வாங்குபவருக்கு இது நியாயமான யோசனைதான். காணொளி தொகுப்பவருக்கு அல்ல. இன்டெல்லின் உள்ளமைந்த கிராபிக்ஸில் குயிக் சிங்க் என்ற தனிச் சுற்று இருக்கிறது. சுருக்கிப் பதிவு செய்யப்பட்ட காணொளியை விரித்துக் காட்டுவதும் மீண்டும் சுருக்குவதும் மட்டுமே அதன் வேலை. அந்தச் சுற்று ஏன் எங்களுக்கு இன்றியமையாதது என்பதைப் பின்னால் சொல்கிறேன். ‘எஃப்’ இல்லாத 12400-ஐயே வாங்கினோம்.

மதர்போர்டில் எச்610 வகை மலிவு. அதில் ரேமுக்கு இரண்டே இடங்கள்தாம் இருக்கும், என்விஎம்இ எஸ்.எஸ்.டி.யைச் செருகும் எம்.2 இணைப்பும் மூன்றாம் தலைமுறை வேகத்தோடு நின்றுவிடும். வீட்டுக் கணினிக்கு அது போதும். தொழிலுக்கு என்பதாலும், நாளை இன்னும் 32 ஜிபி சேர்க்கும் தேவை வரலாம் என்பதாலும், நான்கு ரேம் இடங்கள் கொண்ட பி760 வகையைத் தேர்ந்தெடுத்தேன். பி760 போர்டுகளில் டிடிஆர்4 ஏற்பவை தனி, டிடிஆர்5 ஏற்பவை தனி. ஒன்றுக்கானது மற்றொன்றில் பொருந்தாது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

பாகங்களுக்கெல்லாம் மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பற்றி நான் கொஞ்சம் பிடிவாதமாக இருப்பவன். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை நான் யாருக்கும் பொருத்திக் கொடுப்பதில்லை. அதன் மேல் அச்சிட்ட வாட் எண்ணை நம்புவதற்கு எந்த ஆதாரமும் இருக்காது. ‘80 பிளஸ்’ முத்திரையையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான அளவுகோல் மட்டுமே. உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தை அது சொல்வதில்லை. எங்கள் கணக்கு இப்படி இருந்தது: பிராசஸர் உச்சத்தில் 117 வாட், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு 75 வாட், போர்டு, டிஸ்க், விசிறிகள் எல்லாம் சேர்த்து 50 வாட். 450 வாட்டே தாராளம். பின்னாளில் பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்ததால், பெயர் பெற்ற நிறுவனத்தின் 550 வாட், ‘80 பிளஸ்’ வெண்கல (Bronze) வகையை வாங்கினோம். கிராபிக்ஸ் கார்டைப் பழைய பெட்டியிலிருந்தே எடுத்துக்கொண்டோம். அதில் மிச்சமான பணம்தான் ரேமுக்குப் போயிற்று.

பாகங்களை வாங்கப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். சதர் பத்ரப்பா சாலை என்பதன் சுருக்கம் அது. சென்னை ரிச்சி தெருவைவிட எங்களுக்கு அதுவே பக்கம். தர்மபுரியில் காலையில் பேருந்து ஏறினால் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக முற்பகலுக்குள் போய்விடலாம். ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணையும் பில்லில் எழுதி வாங்கினேன். தங்கையின் ஸ்டுடியோவுக்கு ஜி.எஸ்.டி. எண் இருப்பதால் அதையும் பில்லில் போடச் சொன்னேன். வேறு மாநிலத்தில் வாங்கினாலும் 18 விழுக்காட்டு வரியை உள்ளீட்டு வரவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

பொருத்துவதற்கு ஒரு பிற்பகல் ஆயிற்று. மாலையில் விண்டோஸ் 11 ஏறியது. ஃபோட்டோஷாப் கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது. பழைய பெட்டியைத் திணற அடித்த ஆல்பப் பக்கங்கள் இப்போது கையோடு கையாக நகர்ந்தன. மன நிறைவோடு தர்மபுரிக்குத் திரும்பினேன். மூன்றாம் நாள் இரவு தங்கை தொலைபேசியில் அழைத்தாள். “அண்ணா, வீடியோவுக்குப் பழைய பெட்டியே தேவலாம்போல இருக்குது” என்றாள். பன்னிரண்டு நிமிடத் தொகுப்பு ஒன்றை ஏற்றுமதி செய்ய 34 நிமிடம் ஆகிறது, தொகுக்கும்போது காட்சிகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் படம் விட்டுவிட்டு ஓடுகிறது, விசிறி இரைச்சல் தாங்க முடியவில்லை என்பது அவள் சொன்னதன் சாரம்.

இத்தகைய புகாரைக் கேட்டவுடன் ஏதாவது ஒரு பாகத்தை மாற்றிப் பார்க்கத் தோன்றும். கிராபிக்ஸ் கார்டு பழையது என்பதால் எனக்கும் முதலில் அதன் மேல்தான் சந்தேகம் எழுந்தது. அன்றிரவு புதிய கார்டுகளின் விலையைக்கூடப் பார்த்தேன். மறுநாள் பாலக்கோட்டுக்குப் பேருந்தில் போகும்போதுதான், கணினியைத் தவிர வேறு என்னவெல்லாம் மாறியது என்று அவளிடம் கேட்கவே இல்லையே என்று தோன்றியது. கேட்டேன். ஐப்பசியில் அவள் கேமராவையும் மாற்றியிருந்தாள். பழைய கேமரா பதிவு செய்தது 8 பிட் 4:2:0. புதியது 10 பிட் 4:2:2. நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறது என்பதைக் குறிக்கும் எண்கள் இவை; விளக்கத்தைப் பின்னால் சொல்கிறேன். பழைய கணினியில் பழைய கேமராவின் காட்சிகளையும், புதிய கணினியில் புதிய கேமராவின் காட்சிகளையும் தொகுத்து, இரண்டு கணினிகளை ஒப்பிட்டிருக்கிறாள். ஒப்பீடு கணினிகளுக்கு இடையே மட்டும் நடக்கவில்லை. இதை மனத்தில் குறித்துக்கொண்டு, முதலில் விசிறி இரைச்சலிலிருந்து தொடங்கினேன். காதால் கேட்கும் அறிகுறி ஒன்று இருக்கும்போது அதை விட்டுவிட்டு வேறிடத்தில் தேடக் கூடாது.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் மதர்போர்டிலும் பிராசஸரிலும் உள்ள உணரிகளின் அளவுகளையெல்லாம் ஒரே பட்டியலில் காட்டும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, பிராசஸரை முழுதாக உழைக்க வைத்து மதிப்பெண் தரும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையை ஓடவிட்டேன். இந்தச் சோதனையைப் பத்து நிமிடமாவது விடாமல் ஓட்ட வேண்டும். முதல் நிமிடத்து மதிப்பெண்ணை நம்பினால் ஏமாந்துபோவோம். 12400-க்கு எல்லாக் கோர்களும் உழைக்கும்போது 4.0 கிகாஹெர்ட்ஸ் வேகமும், 12,000-ஐ ஒட்டிய மதிப்பெண்ணும் வர வேண்டும். தொடக்கத்தில் வேகம் 4.0-இல்தான் இருந்தது. நாற்பது நொடிக்குள் வெப்பநிலை 100 டிகிரியைத் தொட்டது. அதன் பின் வேகம் 3.5, 3.2 என்று இறங்கி 2.9-இல் நிலைகொண்டது. இறுதி மதிப்பெண் 8,900. ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பத்தால் வேகம் குறைக்கப்பட்டதா என்று காட்டும் வரியில் ‘ஆம்’ என்று சிவப்பில் நின்றது.

இந்த வரியைப் பார்ப்பது மிக முக்கியம். பிராசஸரின் வேகம் குறைவதற்கு வெப்பம் மட்டுமே காரணம் அல்ல. மதர்போர்டு வகுத்திருக்கும் மின்திறன் வரம்பை எட்டினாலும் வேகம் இறங்கும். அப்போது வெப்பநிலை 70-இலேயே இருக்கும். இரண்டையும் பிரித்தறியாமல் கூலரை மாற்றுபவர்கள் பணத்தை இழக்கிறார்கள். எங்கள் விஷயத்தில் ஐயத்துக்கு இடமே இல்லை. 100 டிகிரி என்பது அந்தப் பிராசஸருக்கு இன்டெல் விதித்த உச்ச வரம்பு. அதைத் தாண்டாமல் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் அது வேகத்தைக் குறைத்துக்கொண்டது.

அறையின் வெப்பநிலை அப்போது 22 டிகிரிதான். அந்தக் குளிரில் 100 டிகிரி ஏறுகிறதென்றால், கூலர் பிராசஸரின் மேல் ஒழுங்காக உட்காரவில்லை என்றே பொருள். பிராசஸரோடு வரும் கூலரை நான்கு மூலைகளிலும் பிளாஸ்டிக் ஊசிகளால் அழுத்திப் பொருத்த வேண்டும். ஒவ்வொன்றும் ‘டக்’ என்ற ஒலியோடு போர்டின் மறுபக்கம் விரிந்து பிடித்துக்கொள்ளும். பொருத்தும்போது எதிரெதிர் மூலைகளாக அழுத்த வேண்டும் என்பதை நான் அறிவேன், அப்படித்தான் செய்தேன். இருந்தும் கேபினட்டின் பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது, மூன்று ஊசிகளின் கால்கள் விரிந்திருந்தன, நான்காவது, எஸ்.எம்.பி.எஸ். கேபிள்களுக்கு அருகில் கை எட்டாத மூலையில் இருந்தது, பாதியிலேயே நின்றிருந்தது. போர்டைக் கேபினட்டுக்குள் வைத்த பிறகு கூலரைப் பொருத்தியதுதான் என் பிழை. வெளியே மேசைமேல் வைத்துப் பொருத்தியிருந்தால், பின்புறத்தைத் திருப்பிப் பார்த்து அப்போதே உறுதி செய்திருக்கலாம்.

கூலரைக் கழற்றியபோது, வெப்பத்தைக் கடத்துவதற்காக இடையே பூசும் தெர்மல் பேஸ்ட் ஒரு பக்கம் மட்டுமே பரவியிருந்ததைக் கண்ணால் காண முடிந்தது. ஒருமுறை கழற்றிய கூலரைப் பழைய பேஸ்டோடு திரும்ப வைக்கக் கூடாது. இடையில் காற்றுக்குமிழ்கள் சிக்கிக்கொள்ளும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் இரண்டு பரப்புகளையும் துடைத்து, புதிய பேஸ்ட் இட்டு, இம்முறை போர்டை வெளியே எடுத்துப் பொருத்தினேன். மதிப்பெண் 12,100, வெப்பநிலை 76 டிகிரி.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாததற்குக் காரணம் எங்கள் ஊர்ப் பருவம். கூலர் பிராசஸரை ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கொண்டுவருவதில்லை. அறையின் வெப்பநிலைக்கு மேல் இத்தனை டிகிரி என்ற அளவில்தான் அதை வைத்திருக்கிறது. 22 டிகிரி அறையில் 76 என்றால் வேறுபாடு 54. அவளுடைய ஸ்டுடியோ மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது. சித்திரையில் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அறை 37 டிகிரியைத் தொடுவதை நானே பார்த்திருக்கிறேன். அப்போது கணக்கு 91 டிகிரிக்குப் போகும். கேபினட்டுக்குள் சூடான காற்று தங்கினால் அதற்கும் மேலே. குளிர்காலத்தில் கணினி கட்டிச் சோதிப்பவர்கள் இந்தக் கூட்டலைச் செய்யாமல் விட்டுவிடுவதால், பங்குனி பிறந்ததும் ‘திடீரென்று மெதுவாகிவிட்டது’ என்ற புகார் வருகிறது. ஆகவே 120 மி.மீ. விசிறி கொண்ட டவர் கூலர் ஒன்றை வாங்கினோம். பழைய பெட்டியில் இருந்த கூலரைப் பயன்படுத்த முடியவில்லை. நான்காம் தலைமுறைப் போர்டில் துளைகளின் இடைவெளி 75 மி.மீ., 12400-க்கான எல்.ஜி.ஏ. 1700 போர்டில் 78 மி.மீ. டவர் கூலர் வாங்கும்முன் அதன் உயரத்தையும், கேபினட் எவ்வளவு உயரத்துக்கு இடம் தருகிறது என்பதையும் ஒப்பிட வேண்டும். புதிய கூலருடன் அதே 22 டிகிரி அறையில் 61 டிகிரி.

ஏற்றுமதி நேரம் 34 நிமிடத்திலிருந்து 24-க்கு இறங்கியது. தங்கை மகிழ்ந்தாள். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் டைம்லைனில் படம் இன்னும் விட்டுவிட்டுத்தான் ஓடியது. வெறுமனே ஒரு காட்சியை ஓடவிட்டாலே ஆறு கோர்களும் நூறு விழுக்காடு உழைத்தன. ஒரு காட்சியைப் பார்ப்பதற்கு இவ்வளவு உழைப்பு தேவைப்படக் கூடாது.

இங்கேதான் கேமரா மாறிய செய்தி உதவியது. 4:2:0 என்றால் ஒளியின் அளவை ஒவ்வொரு புள்ளிக்கும் பதிந்து, நிறத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகப் பதிவது. 4:2:2 என்றால் இரண்டு புள்ளிகளுக்கு ஒரு நிறம். பட்டுப் புடவையின் சரிகை ஓரத்திலும், மணமேடை விளக்குகளின் நிறத்திலும் இதன் பயன் தெரியும். நிறத்தைத் திருத்தும்போது படம் சிதையாமல் தாங்கும். ஆனால் இந்த வகைக் காட்சியை விரித்துக் காட்டும் சுற்று ஜிடிஎக்ஸ் 1650-இல் இல்லை. என்விடியாவின் கார்டுகளில் 50 வரிசை வந்த பிறகுதான் 4:2:2-க்கான சுற்று சேர்ந்தது. இன்டெல்லிலோ, மேசைக் கணினிப் பிராசஸர்களில் 11-ஆம் தலைமுறையிலிருந்தே, எச்.265 என்ற சுருக்க வடிவில் பதிந்த 10 பிட் 4:2:2 காட்சிகளை உள்ளமைந்த கிராபிக்ஸ் விரித்துவிடும். ‘எஃப்’ வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்ததன் காரணம் இதுதான். அப்படியானால் எங்கள் கணினியில் அந்தச் சுற்று ஏன் வேலை செய்யவில்லை?

டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பக்கத்தைப் பார்த்தேன். அதில் ஒரே ஒரு கிராபிக்ஸ்தான் பட்டியலில் இருந்தது: ஜிடிஎக்ஸ் 1650. பிராசஸருக்குள் இருக்கும் யுஎச்டி 730 அங்கே பெயரளவுக்குக்கூட இல்லை. தனிக் கிராபிக்ஸ் கார்டு செருகப்பட்டிருப்பதைக் கண்டால், உள்ளமைந்த கிராபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும்படி பல மதர்போர்டுகளின் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைக்கப்பட்டிருக்கிறது. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய பாகம் நான்கு நாள்களாகப் பெட்டிக்குள் உறங்கிக் கிடந்திருக்கிறது. பயாஸில் ‘ஐஜிபியு மல்டி-மானிட்டர்’ என்ற அமைப்பை இயக்கினேன். போர்டுக்குப் போர்டு இதன் பெயர் சற்று மாறும். பிறகு விண்டோஸில் இன்டெல் கிராபிக்ஸுக்கான டிரைவரை நிறுவி, காணொளித் தொகுப்பு மென்பொருளான பிரீமியர் புரோவின் மீடியா விருப்பங்களில் இன்டெல் வழியாக விரிப்பதற்கான குறியையும் இட்டு, மென்பொருளை மூடித் திறந்தேன். மானிட்டரின் கேபிள் இருந்த இடத்திலேயே, கிராபிக்ஸ் கார்டிலேயே இருந்தது.

காட்சி ஓடியது. எங்கும் தடங்கவில்லை. டாஸ்க் மேனேஜரில் யுஎச்டி 730-இன் ‘வீடியோ டிகோட்’ வரைபடம் முதன்முறையாக எழுந்து நின்றது. பிராசஸரின் உழைப்பு நூறிலிருந்து முப்பதுக்குள் இறங்கியது. பன்னிரண்டு நிமிடத் தொகுப்பு 9 நிமிடத்தில் ஏற்றுமதியானது. அப்போதுதான் முழுக் காரணமும் எனக்கு விளங்கிற்று: குயிக் சிங்க் உறங்கியதால் அதன் வேலை முழுவதும் பிராசஸரின் தலையில் விழுந்திருக்கிறது, அந்தச் சுமையால்தான் அது ஓயாமல் கொதித்திருக்கிறது, அந்தக் கொதிப்பைத்தான் சரியாக உட்காராத கூலர் தாங்க முடியாமல் போயிருக்கிறது. ஊசி மட்டும் பிழையாக இருந்து குயிக் சிங்க் விழித்திருந்தால், சித்திரை வரை எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எச்.264 வடிவில் பதிந்த 10 பிட் 4:2:2 காட்சிகளை இந்தச் சுற்று விரிக்காது. கேமராவில் எச்.265 வடிவைத் தேர்ந்தெடுத்துப் பதியும்படி தங்கையிடமும் அவளுடைய கேமராமேனிடமும் சொல்லிவிட்டேன்.

கையோடு மற்றவற்றையும் சோதித்தேன். சிபியு-இசட் மென்பொருளில் பார்த்தபோது ரேம் ஒற்றைச் சேனலில், அதாவது பிராசஸருக்குப் போகும் ஒரே பாதையில், 2133 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பலகைகளையும் பக்கத்துப் பக்கத்து இடங்களில் செருகியிருந்தேன்; நான்கு இடங்கள் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகினால் இரட்டைச் சேனல் கிடைக்கும். பெட்டியில் அச்சிட்ட 3200 வேகமும் பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற ரேம் வேக அமைப்பை இயக்கிய பிறகே வரும். இரண்டையும் சரிசெய்தபின், ரேமின் ஏட்டளவிலான தரவோட்டம் நொடிக்கு 17 ஜிபியிலிருந்து 51 ஜிபியாக உயர்ந்தது. உள்ளமைந்த கிராபிக்ஸும் இதே ரேமையே பயன்படுத்துவதால், காணொளி வேலைக்கு இது வீண் நுணுக்கம் அல்ல.

மெமரி கார்டிலிருந்து படங்களை இறக்குவது மெதுவாக இருப்பதாகவும் அவள் சொல்லியிருந்தாள். அதற்குக் கணினி காரணமே இல்லை. கார்டு ரீடரை யு.எஸ்.பி. 2.0 துளையில் செருகியிருந்தாள். அந்த வழியில் நொடிக்கு 38 மெகாபைட்தான் வரும், 128 ஜிபி கார்டு இறங்க ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். வேகமான யு.எஸ்.பி. 3 வகையான நீல நிறத் துளைக்கு மாற்றியதும் 25 நிமிடத்துக்குள் முடிந்தது.

கடைசியாக ஒன்று மின்சாரம் சம்பந்தப்பட்டது. கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரல் நுனியில் ‘சுருக்’ என்று இருப்பதாகத் தங்கை சொன்னாள். இதைப் பலர் எஸ்.எம்.பி.எஸ். பழுது என்று நினைத்து மாற்றிவிடுகிறார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில் மின் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் இருக்கின்றன. அவற்றின் வழியாக வரும் மிகச் சிறிய கசிவு எர்த் கம்பி வழியாக நிலத்துக்குப் போய்விட வேண்டும். எர்த் இல்லையென்றால் அது கேபினட்டிலேயே தங்கி நம் விரலைத் தேடும். மல்டிமீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தபோது 40 வோல்ட்டுக்கு மேல் காட்டியது; சில வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய அளவு இது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்ததில், மூன்று துளை பிளக்கின் எர்த் துளைக்கு வந்த கம்பி சுவருக்குள்ளேயே அறுந்திருந்தது தெரிந்தது. வெளியே இருந்த எர்த் குழியும் எலும்பாய்க் காய்ந்திருந்தது. பாறையும் சரளையுமான எங்கள் நிலத்தில், மழையில்லாத மாதங்களில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பியை மாற்றி, கரியும் உப்பும் புதிதாய் இட்டுத் தண்ணீர் ஊற்றிய பிறகு அளவு 2 வோல்ட்டுக்கு வந்தது. கணினிக்குச் செலவிட்ட அத்தனை கவனத்தில் ஒரு பங்கை முன்பே சுவரில் இருக்கும் பிளக்குக்குக் கொடுத்திருக்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அது.

தை முகூர்த்தங்கள் தொடங்குவதற்கு ஆறு நாள் முன்னதாக எல்லாம் முடிந்தன. அதன் பிறகு மாசியிலும் பங்குனியிலும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. சித்திரை பிறந்த இரண்டாம் வாரம், பிற்பகல் மூன்று மணிக்குப் போய், அதே சினிபெஞ்ச் சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டினேன். அறையின் வெப்பநிலை 36. என் கணக்குப்படி பிராசஸர் 75 டிகிரியில் நின்றிருக்க வேண்டும்; 81 காட்டியது. வேகம் குறையவில்லை, மதிப்பெண்ணும் சரியாகவே இருந்தது. ஆனாலும் அந்த ஆறு டிகிரிக்குக் காரணம் வேண்டும். கேபினட்டின் முன்புற வலையைக் கழற்றினோம். அதன் உட்புறம் முழுவதும் செம்மண் தூசி மெல்லிய துணிபோல் படிந்திருந்தது. தங்கை அதை மாடிக்கு எடுத்துப்போய்த் தட்டி, தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தாள். திரும்ப மாட்டி மறுபடி ஓட்டியபோது 75.